'பார்ப்பம்' என்ற பதிலை எழுத்தில் வாங்குவது: கொழும்புப் பாடசாலைகளும் விசேட கல்வி உதவியும்

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிற அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி இரண்டு தரம் கேட்டேன். "நீ ஏன் பள்ளிக்கூடத்திட்டக் கெஞ்சுறாய்? ஐ.ஈ.பி. வேணும் எண்டு எழுதிக் குடு. அவை தரத்தான் வேணும்." அவளுடைய சின்னவனுக்கும் என் மகனைப் போல வாசிப்பில்தான் சிக்கல். அங்கே அவனுக்கென்று ஐ.ஈ.பி. என்கிற தனியாள் கல்வித் திட்டம் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். பரீட்சைக்குக் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், இந்த வருடம் எட்ட வேண்டிய இலக்குகள் என்று எல்லாம் அதில் உண்டு. அதன் பிரதி ஒன்று அக்காவின் கையில் இருக்கிறது.

அடுத்த கிழமை நானும் அதிபரிடம் போனேன். அறைக்கு வெளியே வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்த பிறகு உள்ளே கூப்பிட்டார். ஐ.ஈ.பி. பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். "அது அங்கத்தைய முறை அம்மா. இங்க நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுவம். பயப்பிடாதேங்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்: யார் பார்ப்பார்கள், எதைப் பார்ப்பார்கள், எப்போதிலிருந்து?

கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளின் விசேட கல்வி பற்றிய பேச்சில் பாதி இந்த இரண்டு சொல்லுக்குள் முடிந்துவிடுகிறது. பெற்றோர் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ டீச்சர்" என்கிறார்கள். பாடசாலை "பார்ப்பம்" என்கிறது. இரண்டு பக்கத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த டீச்சர் இடமாற்றத்தில் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஏன் இப்படி இருக்கிறது, இருக்கிற சட்டத்தையும் நடைமுறையையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா சொன்னது அவளுடைய ஊருக்குச் சரி. அவள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பெற்றோர் எழுத்தில் கேட்டால், பிள்ளையின் தேவையை அடையாளம் காணும் குழுவிடம் அதிபர் அனுப்பியே ஆக வேண்டும். விசேட கல்வியில் இடம் கொடுத்தால் 30 பாடசாலை நாட்களுக்குள் அந்தப் பிள்ளைக்கான தனியாள் கல்வித் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி உள்ளூராட்சி சபைதான் பொறுப்பு. கேட்ட நாளிலிருந்து 20 கிழமைக்குள் திட்டம் வர வேண்டும், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் இந்த உரிமை 1975இலேயே சட்டமாகிவிட்டது. அங்கேயும் இழுபறி இருக்கிறது, வருடக்கணக்கில் அலைகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் சண்டை பிடிப்பதற்குக் கையில் ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளை உண்டாக்கும் கடமை பாடசாலைக்கோ சபைக்கோ சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்கிறது.

இலங்கையில் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது. இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. அதை மீறினால் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய அடுத்த பிரிவு வழி வைக்கிறது. 'எந்தக் கல்வி நிறுவனமும்' என்பதில் அரச பாடசாலை, தனியார் பாடசாலை என்ற பிரிவினை இல்லை. அப்புறம் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி. 1997இல் 5 முதல் 14 வயது வரை என்று வந்தது, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பற்றியது. பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்களாக இனம், மதம், மொழி, சாதி, பால் என்று அது அடுக்கும் பட்டியலில் இயலாமை இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். ஆனால் பெண்கள், சிறுவர், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று அதே உறுப்புரையின் நாலாம் பந்தி சொல்கிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை முழுவதும் கல்வி பற்றியதுதான்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திரும்ப ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். அது 'அனுமதி' பற்றித்தான் பேசுகிறது. பிள்ளையைச் சேர்த்த பிறகு வகுப்பில் அவனுக்கு என்ன உதவி கொடுக்க வேண்டும், யார் எழுத வேண்டும், எத்தனை நாளில் எழுத வேண்டும், கொடுக்காவிட்டால் பெற்றோர் எங்கே போக வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. சமவாயத்துக்கு ஏற்றபடி புதிய சட்டம் வேண்டும் என்று வரைவுகள் வருடக்கணக்காகப் பேசப்படுகின்றன. அதனால்தான் எங்கள் ஊரில் 'சேர்க்க மாட்டோம்' என்று யாரும் எழுதித் தருவதில்லை. சேர்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு வேற இடம் பார்த்தால் நல்லம் போல கிடக்கு" என்கிறார்கள். இந்த வசனத்தை நான் சந்தித்த தாய்மாரில் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள், ஆனால் ஒருவரிடமும் அது எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத மறுப்புக்கு எதிராக முறையிடுவது கஷ்டம்.

அந்த 'வேற இடம்' எது என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லப்படுவது இரண்டு. ஒன்று விசேட பாடசாலை. இந்த நாட்டில் அதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான பாடசாலை 1912இல் கொழும்புப் பக்கத்தில் தொடங்கி இன்று இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் உருவானது. மற்றது, சாதாரண பாடசாலைக்குள்ளேயே தனி அறையில் நடக்கும் விசேட கல்வி அலகு. சில அலகுகளில் அற்புதமான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன். ஆனால் அலகு என்பது பாலமா கிடங்கா என்பதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து பிள்ளை எந்தப் பாடத்துக்குச் சாதாரண வகுப்புக்குப் போகும்? போன வருடம் எத்தனை பிள்ளைகள் திரும்ப வகுப்புக்குப் போனார்கள்? சங்கீதத்துக்கும் விளையாட்டுக்குமாவது சேர்ந்து இருக்கிறார்களா? வாசிப்பில் மட்டும் பின்தங்கிய, மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரனான ஒரு பிள்ளையையும் பேச்சே வராத ஒரு பிள்ளையையும் ஒரே அறையில் நாள் முழுக்க வைத்திருப்பது இரண்டு பேருக்கும் உதவாது.

மேலே சொன்ன சமவாயத்துக்கான ஐ.நா. குழு 2016இல் வெளியிட்ட 4ஆம் இலக்கப் பொதுக் கருத்துரை இதை நாலாகப் பிரித்துக் காட்டுகிறது. பிள்ளையை வெளியே விடுவது ஒன்று. தனியே வைப்பது இன்னொன்று. 'நீ எங்களுக்கு ஏற்றபடி மாறினால் இரு' என்று வகுப்பில் சேர்ப்பது மூன்றாவது. பிள்ளைக்கு ஏற்றபடி வகுப்பும் மாறுவது நாலாவது. அதைத்தான் உட்படுத்தல் கல்வி என்கிறோம். கொழும்பில் எங்கள் பிள்ளைகளில் அதிகமானோர் மூன்றாவதில் நிற்கிறார்கள். வரவு இடாப்பில் பெயர் இருக்கும். கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர். உதவி ஆசிரியர் இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல் என்றுதான் பெற்றோரும் கேட்கிறார்கள், அதிபரும் கேட்கிறார். விசேட கல்வியில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் அலகில்தான் இருக்கிறார்கள்; சாதாரண வகுப்பு ஆசிரியர் பலருக்கு இந்த விடயத்தில் கிடைத்தது ஒன்றிரண்டு நாள் செயலமர்வு மட்டும். எனவே 'டீச்சருக்கு மனம் இல்லை' என்று நாங்கள் முடிவு கட்டும் இடத்தில் பல தரம் இருப்பது 'டீச்சருக்கு வழி தெரியவில்லை' என்பதுதான். இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. விளங்கிய பிறகு நான் கேட்கிற விதம் மாறியது.

எங்கள் மகனின் தரம் 3 டீச்சர் ஒரு காரியம் செய்தார். பழைய கலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டி, அதன் நடுவில் நீளமாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். புத்தகத்தில் அதை வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மேலும் கீழும் மறைந்துவிடும். அதுவரை ஒரு பந்தியைக் கண்டாலே கண்ணைக் கசக்குகிற பிள்ளை அந்த ஓட்டைக்குள் ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று இறங்கிப் போகத் தொடங்கினான். அதற்கு அவர் சிறப்புப் பயிற்சி ஒன்றும் எடுக்கவில்லை. தன் தம்பிக்கு இப்படிச் செய்து பார்த்ததாகச் சொன்னார். வருட முடிவில் அவருக்கு இடமாற்றம் வந்தது. தரம் 4இல் புதிய ஆசிரியர். அட்டை எங்கேயோ தொலைந்தது. புதியவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது, ஏனென்றால் எந்தக் கோப்பிலும் அது எழுதப்படவில்லை. முதலாம் தவணை அறிக்கையில் "வாசிப்பில் கவனம் செலுத்தவும்" என்று இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சரி, பரிசோதனை. பிள்ளைக்கு என்ன சிக்கல் என்று கண்டுபிடிக்கக் கொழும்பில் வழிகள் உண்டு, இலவசமாகவும் உண்டு. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பெற்றோர் விடிய எழும்பிப் போய் வரிசையில் நிற்கிறார்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு மற்றும் செவிப்புலத் துறையில் பட்டப்படிப்பே நடக்கிறது. பாடசாலைக்குள்ளேயும் ஒரு கதவு இருக்கிறது: தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு மருத்துவப் பரிசோதனை செய்கிறது. அன்று அம்மாவும் போய் நின்று, சந்தேகத்தைச் சொல்லி, கண், காது, பேச்சு எதற்காவது அனுப்புவதென்றால் அதை எழுதி வாங்கலாம். பல பெற்றோர் அந்த நாளைக் கணக்கில் எடுப்பதில்லை.

கஷ்டம் வருவது மொழியில். கிளினிக்கில் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். வகுப்பு தமிழில் நடக்கிறது. மேலே அலுவலகத்தில் கோப்பு சிங்களத்தில் நகர்கிறது. நடுவில் அம்மா மூன்று மொழிக்கும் உரைபெயர்ப்பாளராக நிற்கிறாள், தனக்குத் தெரியாத மருத்துவச் சொற்களோடு. தமிழில் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் கொழும்பில் கிடைப்பது அபூர்வம் என்பதால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பயிற்சி கொடுத்து, கடைசியில் பிள்ளை இரண்டு மொழியிலும் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மம்மாவோடு பேச்சு நின்றுபோன பிள்ளையையும் தெரியும்.

வாசிப்புச் சிக்கலில் இது இன்னும் ஆழம். ஆங்கிலத்துக்குச் செய்த பரிசோதனை தமிழ் எழுத்தின் சிக்கலைக் காட்டாது. என் மகன் 'கொடு' என்று இருப்பதைக் 'காடு' என்று வாசிப்பான். கவலையீனம் என்று நாங்கள் ஏசினோம். பிறகு ஒரு நாள் அவனுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் 'க'. அவன் விரல் கொம்பைத் தாண்டிக் 'க'வில் இறங்கி, காலைக் கண்டு 'கா' என்றது. ஒலி ஒன்று, ஆனால் அதன் அடையாளம் எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கெ'யில் கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வரும். இதோடு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. அதற்கு மேல் வீட்டில் 'வாறன்', புத்தகத்தில் 'வருகிறேன்'. இதையெல்லாம் கவனித்துச் சொல்லக்கூடியவர்கள் வகுப்பாசிரியரும் வீட்டில் பக்கத்தில் இருப்பவரும்தான். எனவே வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் தமிழ்க் கொப்பியைக் கொண்டுபோங்கள். அவன் எப்படி வாசித்தான் என்று பத்துச் சொல்லை எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், 'எதைக் கண்டு எதைச் சொல்கிறான்' என்பதை விளக்கலாம்.

வைத்தியரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் பாடசாலையில் ஒரு வேலையும் செய்யாது. 'ஓட்டிசம் உண்டு, பாடசாலையில் ஆதரவு தேவை' என்ற ஒற்றை வரியைப் பார்த்து டீச்சர் என்னதான் செய்வார்? பயப்படுவார், அவ்வளவுதான். 'அதிக சத்தத்தில் காதைப் பொத்துவான்; அப்போது ஐந்து நிமிடம் வெளியே நிற்க விடவும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லவும். எழுத்து வேலையில் பாதியைக் கொடுத்தால் போதும்' என்று எழுதியிருந்தால் அது நாளைக்கே செய்யக்கூடிய வேலை. கிளினிக்கில் நெரிசல், வைத்தியருக்கு நேரம் இல்லை என்பது தெரியும். நான் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதிக்கொண்டு போய், "டொக்டர், இதில் சரியானதை உங்கள் கடிதத்தில் சேர்க்க ஏலுமா?" என்று கேட்டேன். இரண்டைச் சேர்த்தார், ஒன்றை வெட்டினார், ஒன்றைத் திருத்தினார்.

அப்புறம் பாடசாலைக்குக் கடிதம். இதில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். கடிதம் என்றாலே முறைப்பாடு என்ற பயம் எங்களிடம் இருக்கிறது. "எழுதிக் குடுத்தால் பிள்ளைக்கு வஞ்சம் வைப்பினம்" என்று என் மாமி சொன்னார். அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் காலை ஏழரைக்கு அந்தப் பிள்ளைதான் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். அதனால் என் கடிதம் டீச்சருக்கு உதவுகிற கடிதமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. இப்படித்தான் இருந்தது:

"என் மகன் தரம் 4இல் படிக்கிறான். வாசிப்பில் அவனுக்குச் சிரமம் உண்டு என்று வைத்தியர் எழுதியுள்ளார், பிரதியை இணைத்துள்ளேன். வாய்மொழியாகக் கேட்டால் நன்றாக விளங்கிக்கொள்வான். இந்தத் தவணையில் மூன்று உதவிகளைக் கேட்கிறேன். முன்வரிசையில் இருக்கை. வாசிக்கும்போது ஒரு வரி அட்டையைப் பயன்படுத்த அனுமதி. தவணைப் பரீட்சையில் கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவது. இவற்றில் எது இயலும், எது இயலாது என்று தெரிவித்தால் வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்வோம். தவணை முடிவில் இதைப் பற்றிப் பேச 15 நிமிடம் தருமாறு வேண்டுகிறேன்."

திகதி, கையொப்பம். இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலகத்தின் முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரை போடத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அந்தத் துண்டும் சாட்சிதான். மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். பன்னிரண்டு கேட்டால் ஒன்றும் நடக்காது, எது நடந்தது எது நடக்கவில்லை என்று அளக்கவும் முடியாது. சந்திப்பு முடிந்து வந்த அன்றே, "இன்று பேசியதில் முன்வரிசை இருக்கைக்கும் அட்டைக்கும் ஒத்துக்கொண்டீர்கள், நன்றி, பரீட்சை பற்றி அடுத்த மாதம் சொல்வதாகச் சொன்னீர்கள்" என்று சின்னக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள். டீச்சர் சொன்ன 'பார்ப்பம்' அப்போது தாளில் ஏறிவிடுகிறது. இப்படிச் சேர்ந்த நாலைந்து தாள்தான் நாங்களே எங்கள் கையால் உண்டாக்கும் தனியாள் கல்வித் திட்டம்.

தமிழில் எழுதலாமா என்று பல பேர் கேட்கிறார்கள். எழுதலாம், எழுத வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வலயக் கல்வி அலுவலகத்தில் 'சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ' என்று திருப்பி அனுப்பினால் அந்த உறுப்புரையை அமைதியாக நினைவூட்டலாம். அவசரத்துக்குச் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம்; உரிமையை விட்டுக்கொடுக்காமல் வேலையையும் முடிப்பதற்கு அது ஒரு வழி.

யாரிடம் போவது என்பது பாடசாலையின் வகையைப் பொறுத்தது. மாகாணப் பாடசாலை என்றால் அதிபருக்குப் பிறகு கோட்டம், வலயம், மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் யார் என்று வலய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பொது வரிசையில் நின்று கொடுக்கிற கடிதத்தை விட அந்த மேசைக்கு நேரே போகிற கடிதம் வேகமாக அசையும்.

சர்வதேசப் பாடசாலை என்றால் கதை வேறு. அவற்றில் பல கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. வலய அலுவலகத்துக்குப் போனால் அங்கே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே உங்கள் கையில் இருப்பது சேர்க்கும்போது கையெழுத்திட்ட தாள்தான். காசு கட்டுவதற்கு முன்னமே, என்ன உதவி தருவோம் என்று பாடசாலை சொல்வதை எழுத்தில் வாங்க வேண்டும். 'ஷேடோ டீச்சர்', அதாவது வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்து உதவும் ஒருவரை, வைக்கச் சொன்னால் அவருக்குச் சம்பளம் யார், அவர் வராத நாளில் பிள்ளை வகுப்பில் இருக்கலாமா, வருட நடுவில் பாடசாலை மனம் மாறினால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். சில வீடுகளில் அம்மா வேலையை விட்டுவிட்டுத் தானே ஷேடோவாகப் பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறாள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையும் வருகிறது, கோபமும் வருகிறது.

பரீட்சை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் பிந்தினால் வருடமே போய்விடும். தேசிய பரீட்சைகளில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஒருவர், பிரெய்ல் வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்துகொடுக்கிறது. அதற்கு அதிபர் ஊடாக, மருத்துவ அறிக்கையோடு, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடினால் நடக்காது. சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளைக்குத் தரம் 9இலேயே தொடங்குங்கள். தவணைப் பரீட்சைகளில் அந்த உதவியைப் பாவித்த பதிவு இருந்தால் அதிபரும் தயங்காமல் பரிந்துரைப்பார். பிள்ளைக்கும் பழக்கம் வேண்டும். வேறொருவர் எழுத, தான் சொல்வது ஒரு தனிக் கலை. அதைப் பரீட்சை மண்டபத்தில் முதல் நாள் கற்றுக்கொள்ள முடியாது.

எழுதியும் பேசியும் ஒன்றும் நடக்காவிட்டால்? தகவலறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. என் பிள்ளை பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சுற்றறிக்கையின்படி இந்த முடிவு எடுத்தீர்கள், இந்த வலயத்தில் தமிழ்மொழி மூல விசேட கல்வி அலகுகள் எவை என்று எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பல இடத்தில் இந்த விண்ணப்பம் போனவுடனேயே பேச்சின் தொனி மாறுகிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் போவதானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஒரு மாதம் என்பது மிகக் குறைவு. அழுது தேறி, உறவுகளிடம் கேட்டு, கோயிலுக்கும் போய் வருவதற்குள் முடிந்துவிடும். ஆகவே பிள்ளையை நிறுத்துகிறோம் என்று ஒரு பாடசாலை சொன்னால் அந்தத் திகதியை அன்றே எழுதி வையுங்கள்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தரம் 4இன் நடுவில், முத்திரை வைத்த கடிதத்தோடு புதிய டீச்சரைச் சந்தித்தேன். அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். கேள்வியை வாசித்துக் காட்டுவது பற்றி அதிபரிடம் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். மற்ற இரண்டுக்கும் சரி போட்டுத் தன் கையெழுத்தை இட்டார். பிறகு மேசையில் இருந்த அடிமட்டத்தை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியின் மேல் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த அட்டையில் ஓட்டை எவ்வளவு அகலம் இருந்தது? கொம்பும் காலும் மறையாமல் தெரியணும், என்ன?"